வெடக்கோழி முட்டை விடத் தொடங்கும்போது: எனக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குப் பின்னால் பதினோரு கோழி வைத்திருக்கிறேன். குஞ்சு பொரித்து, நாலைந்து மாதம் வளர்த்து, தெரிந்தவர்கள் கேட்டால் வெடக்கோழியாக, அதாவது இன்னும் முட்டை விடாத இளம் பெட்டையாகக் கொடுப்பேன். கொடுத்து ஒரு மாதம் போனதும் போன் வர ஆரம்பிக்கும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் கேட்பதையே மறுநாள் அரியாங்குப்பத்திலிருந்து இன்னொருவர் கேட்பார். சமையலுக்கு நடுவில் ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்துவிட்டேன்.

1. அக்கா, அஞ்சு மாசம் ஆவுது, இன்னும் ஒரு முட்டை கூட விடலையே?

நாட்டுக்கோழி என்றால் ஆறு மாதத்துக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள். 24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் தொடங்கும். தீவனம் குறைவாக இருந்தால் ஏழரை மாதம் வரைகூட இழுக்கும். வனராஜா, கிராமப்ரியா போன்ற, வீட்டுக் கொல்லையில் வளர்ப்பதற்கான புறக்கடை இனங்கள் ஐந்தரை, ஆறு மாதத்தில் தொடங்கும். 18, 20 வாரம் என்பதெல்லாம் நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழிக்கான கணக்கு. அதைப் படித்துவிட்டு உங்கள் கோழியை முறைத்துப் பார்த்துப் பயனில்லை.

2. விடப்போவுதுன்னு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் கொண்டை. வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் இரண்டு மூன்று வாரத்தில் பெருத்து, நல்ல சிவப்பாகிவிடும். அடுத்தது, நீங்கள் கிட்டே போனால் ஓடாமல் இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு தரையாகப் பதுங்கும். சேவலுக்கு இணங்கும் உடம்பு அது. பதுங்க ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் முட்டை வந்துவிடும்.

மூன்றாவது, இடம் தேடுவது. கிரைண்டருக்கு அடியில், அழுக்குத்துணிக் கூடையில், மோட்டார் பெட்டிக்குப் பின்னால் என்று ஒவ்வொரு மூலையாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வரும். கூடவே ஒரு நீளமான கேறல். “கோழி கேறுது, எடம் பாக்குது” என்று என் மாமியார் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சொல்லுவார். ஒரு தடவையும் தப்பியதில்லை.

3. எங்க வீட்ல சேவல் இல்ல. முட்டை வருமா?

வரும். சேவல் குஞ்சுக்குத்தான் வேண்டும், முட்டைக்கு வேண்டாம். சேவல் சேராத முட்டை எத்தனை நாள் அடை வைத்தாலும் கூமுட்டைதான். சாப்பிட அதில் ஒரு குறையும் இல்லை.

4. முட்டை விட எடம் எப்படிப் பண்ணித் தரணும்?

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், கொஞ்சம் இருட்டு, கீழே வைக்கோல். இவ்வளவுதான். பழைய மூங்கில் கூடை, தக்காளிப் பெட்டி, உடைந்த பிளாஸ்டிக் டப்பா எதுவும் போதும். நாலைந்து கோழிக்கு ஒன்று வைத்தால் சரியாக இருக்கும். இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒன்றிலேயேதான் போய் வரிசை கட்டி நிற்கும், அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

கொண்டை சிவக்கும்போதே கூடையை வைத்துவிட வேண்டும். முதல் முட்டையை எங்கே விடுகிறதோ அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. உள்ளே ஒரு கோலிக்குண்டோ, முட்டை மாதிரி வழவழப்பான கூழாங்கல்லோ போட்டு வையுங்கள். ஏற்கெனவே யாரோ விட்டிருக்கிறார்கள் போல என்று நம்பி உட்காரும். இரவில் கூடைக்குள் தூங்க விடாதீர்கள், எச்சம் முழுக்க அதில்தான் விழும். படுக்க உயரத்தில் ஒரு கழி கட்டிக் கொடுத்தால் அங்கே ஏறிக்கொள்ளும்.

5. மொத முட்டை இத்தினூண்டு இருக்குது. மேல ரத்தக் கோடு வேற. கோழிக்கு ஏதாவது ஆயிடுச்சா?

ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அதிகம் வரும் போன் இதுதான்.

போன முறை ஒரு கறுப்பு வெடை முதல் முட்டை விட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் வைக்கோலைக் கிளறிக் கிளறி வட்டமாகச் சுற்றியது. பிறகு பின்பக்கத்தைத் தூக்கி எழுந்து நின்றது. விழுந்ததை எடுத்தால் எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு, சூடாக, ஈரமாகப் பளபளத்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் காய்ந்து ஓடு மங்கிப்போனது. ஒரு பக்கம் நூல் மாதிரி ரத்தக் கோடு. பாதை முதல் தடவை விரிகிறது, அதில் சின்னதாய் ஒரு கீறல், அவ்வளவுதான். இரண்டு மூன்று முட்டைக்குள் நின்றுவிடும். அதற்கு மேலும் தினமும் ரத்தம் வந்தாலோ, சொட்டுச் சொட்டாக விழுந்தாலோதான் யோசிக்க வேண்டும். 15-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

அளவு தானாகப் பெருகும். தொடக்கத்தில் 30 கிராம் இருப்பது இரண்டு மூன்று மாதத்தில் 40, 45 கிராமுக்கு வந்துவிடும். நாட்டுக்கோழி முட்டைக்கு அதுதான் அளவு, கடை முட்டையோடு ஒப்பிட வேண்டாம்.

6. ஓடே இல்லாம தோல் முட்டை விடுது. சுண்ணாம்புச் சத்து இல்லன்றாங்க, நெசமா?

முதல் மாதத்தில் ஒன்றிரண்டு என்றால் சத்துக் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு முட்டை உள்ளே உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு படிவதற்கு மட்டும். புதுக் கோழிக்கு இந்த நேரக்கணக்கு இன்னும் பழகியிருக்காது. ஓடு முடிவதற்குள் வெளியே தள்ளிவிடும். இரவில் நாயோ பூனையோ கோழி அடைக்கும் கொடாப்பைச் சுற்றி மிரட்டினாலும் காலையில் தோல் முட்டை கிடக்கும்.

இரண்டாவது மாதமும் தொடர்ந்தால் சுண்ணாம்புதான். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. தீவனத்தில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. தேவனாம்பட்டினம் கரையில் ஒரு பை கிளிஞ்சல் பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் உப்பு போகக் கழுவி, காயவைத்து, உடைத்த துவரை அளவுக்கு இடியுங்கள். மாவாக்க வேண்டாம். குருணையாக இருந்தால்தான் இரைப்பையில் தங்கி, ஓடு படியும் இராத்திரி முழுக்க மெதுவாகக் கரையும். தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்பட்டது தேவைப்பட்ட அளவுக்குத் தின்னும், சேவல் அதிகம் தொடாது.

7. அப்ப தீவனத்த எப்ப மாத்தறது? இப்பவே லேயர் தீவனம் போட்டா சீக்கிரம் விடுமா?

விடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வளரும் கோழிக்கு 1 சதவீதமே போதும். மிச்சத்தைக் கழிக்க வேண்டிய வேலை சிறுநீரகத்துக்கு. மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். முதல் முட்டையைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். மேய்கிற கோழி என்றால் கம்பு, நொய், தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, கிளிஞ்சல் கிண்ணம், முருங்கைக் கீரை. இதுவே போதும்.

புண்ணாக்கில் ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்த புண்ணாக்கை “கோழிதானே” என்று போடாதீர்கள். அந்தப் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைத்தான் முதலில் தாக்கும், முட்டையும் நின்றுபோகும். முதுநகரிலிருந்து கருவாட்டுத் தூள் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உப்புக் கருவாடு என்றால் கோழி தண்ணீராகக் கழியும். உப்பில்லாததே என்றாலும் அளவு கூடினால் ஆம்லெட்டில் கவிச்சை அடிக்கும்.

8. நேத்து விட்டுச்சு, இன்னிக்கி விடல. நாளைக்கி விடுமா?

25 மணி நேரக் கணக்கை மேலே சொன்னேன். இன்று காலை எட்டு மணிக்கு விட்டால் நாளை ஒன்பதுக்கு, மறுநாள் பத்துக்கு என்று தள்ளிக்கொண்டே போகும். பிற்பகலை நெருங்கியதும் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையிலிருந்து தொடங்கும். வெடக்கோழி முதல் மாதத்தில் இன்னும் தாறுமாறாகத்தான் விடும்: ஒரு முட்டை, நாலு நாள் ஒன்றுமில்லை, பிறகு தொடர்ந்து மூன்று. நாட்காட்டியில் குறித்துக்கொண்டு கோபப்பட ஒன்றுமில்லை.

9. உடைச்சா ரெண்டு கரு இருக்குது. இன்னொன்னுல கருவே இல்ல. திங்கலாமா?

இரண்டையும் தின்னலாம். இரண்டு கரு ஒரே நேரத்தில் கழன்று வந்தால் ஒரே ஓட்டுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். கரு இல்லாதது கோலிக்குண்டு அளவில் இருக்கும், உள்ளே வெறும் வெள்ளை. கருவின் மேல் குன்றிமணி அளவு ரத்தப் பொட்டு இருந்தால் கரண்டி முனையால் எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம். கரு கழன்றபோது சின்ன ரத்தக்குழாய் அறுந்தது அது. குஞ்சு பிடித்துவிட்டது என்று சிலர் அலறுகிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

10. எட்டு கோழி இருக்குது, தெனம் மூணு முட்டதான். எது விடல, எப்படிப் பிடிக்கிறது?

முதலில் எட்டும் விடும் வயதில்தானா என்று பாருங்கள். பிறகு இருட்டியதும் கழியில் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து, பின்துவாரத்துக்குக் கீழே தடவுங்கள். இரண்டு பக்கமும் கூர்மையாக எலும்பு முனை தட்டுப்படும். நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் அது விடவில்லை. இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்து, துவாரமும் அகலமாக ஈரமாக இருந்தால் விடுகிறது. இதைக் கற்றுக்கொள்ள ஒரு இராத்திரி போதும்.

எல்லாம் விடுகிறது, முட்டை மட்டும் காணோம் என்றால் வேறெங்கோ விடுகிறது. என் செங்காவிக் கோழி ஒன்று மூன்று வாரமாக ஒன்றுமே கொடுக்கவில்லை. குழம்புக்குப் போய்விடும் நிலைமை. ஒரு நாள் தென்னமட்டைக் குவியலை எடுக்கப் போனால் உள்ளே பதினான்கு முட்டை, குவித்து வைத்த மாதிரி. மறைவிடத்தைக் கண்டுபிடிக்க, காலை பத்து மணி வரை கொடாப்பைத் திறக்காமல் வையுங்கள். திறந்ததும் இரை பக்கம் போகாமல் ஒன்று மட்டும் அவசரமாக ஓடும், அதன் பின்னால் போங்கள். மட்டைக் குவியலுக்குள் கையை விடுமுன் ஒரு கழியால் தட்டிவிடுங்கள். முட்டை தேடி நாகமும் சாரையும் வரும். பாம்பு முழுசாக விழுங்கும், ஓட்டுச் சில்லு மிஞ்சாது. சில்லு சிதறிக் கிடந்தால் கீரி, காக்கா, அல்லது 12-ஆம் கேள்வியில் வரும் திருடி.

11. முட்டைய கழுவி வைக்கணுமா? பிரிட்ஜ்ல வைக்கணுமா?

கழுவ வேண்டாம். முதல் முட்டை கையில் காய்ந்து மங்கியதைச் சொன்னேன் இல்லையா, அந்தப் படலம்தான் ஓட்டின் நுண்துளைகளை அடைத்து வைத்திருக்கிறது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். ரொம்ப அழுக்கென்றால் கழுவி அன்றைக்கே சமைத்துவிடுங்கள். சாதாரண நாளில் வெளியே ஒரு வாரம் இருக்கும். கத்திரி வெயிலில் பிரிட்ஜ்தான் நல்லது, கூர் முனை கீழே இருக்கட்டும். எப்போது விட்டது என்று தெரியாத முட்டையைத் தண்ணீரில் போடுங்கள். கிடந்தால் புதுசு, நின்றால் பழசு, மிதந்தால் தூக்கிப் போடுங்கள்.

அன்றைக்கு விட்டதை அவித்தால் தோலோடு வெள்ளையும் பிய்ந்து வரும். அது கெட்டதன் அடையாளமில்லை. அவிக்க ஐந்தாறு நாள் ஆன முட்டையை எடுங்கள்.

12. தன் முட்டைய தானே கொத்தித் தின்னுதுக்கா!

பெரும்பாலும் தோல் முட்டையோ உடைந்த முட்டையோ கிடந்ததில் ருசி கண்டிருக்கும். கிளிஞ்சல் வையுங்கள் (6-ஆம் பதில்), கூடையை இன்னும் இருட்டாக்குங்கள், விட்ட உடனே எடுத்துவிடுங்கள். 4-ஆம் பதிலில் சொன்ன கூழாங்கல்லைக் கொத்தி அலகு வலித்தால் பாதி மறந்துவிடும். முட்டை ஓட்டை அவற்றுக்கே போடுவதாக இருந்தால் வறுத்துப் பொடியாக்கிப் போடுங்கள். முட்டை வடிவத்தில் போட்டால் நாமே கற்றுக்கொடுத்த மாதிரி.

13. பன்னெண்டு முட்டை விட்டுச்சு, அதுக்குள்ள அடைக்கு உக்காந்துடுச்சு. மொத தடவையே அடை வைக்கலாமா?

நாட்டுக்கோழியின் இயல்பு அது. பத்துப் பதினைந்து விடும், அடைக்கு உட்காரும், 21 நாள் அடைகாக்கும், குஞ்சோடு இரண்டு மூன்று மாதம் சுற்றும், பிறகுதான் அடுத்த ஈடு, அதாவது அடுத்த சுற்று முட்டை. வருடத்துக்கு வரும் முட்டை குறைவாக இருப்பது இதனால்தான். நிறைய விடும் இனங்கள் பெரும்பாலும் அடைக்கே உட்காராது. இரண்டும் ஒரே கோழியில் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் ஈட்டு முட்டைகளை அடை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சின்ன முட்டையில் சின்னக் குஞ்சுதான் வரும், பாதி தேறாது. கோழிக்கு ஆசை இருந்தால் பெரிய கோழியின் முட்டை எட்டு வைத்துப் பாருங்கள், அதுவும் ஒரு வாரத்துக்குள் விட்டதாக இருக்கட்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்தால் கரு பிடித்ததில் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடும். ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். சில வெடைகள் பத்து நாளில் அலுத்துப்போய் எழுந்து போய்விடும், அதற்கும் தயாராக இருங்கள்.

அடை வேண்டாம் என்றால் கூடையை எடுத்துவிட்டு, அடியில் காற்று வரும் கம்பிக் கூண்டில், தீவனம் தண்ணீரோடு மூன்று நாலு நாள் விடுங்கள். வயிற்றின் சூடு தணிந்தால் அடை தெளியும். மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பது எல்லாம் வேண்டாம். ஊரில் எல்லாரும் செய்கிறார்கள்தான், எனக்குப் பிடிக்கவில்லை.

14. மழை ஆரம்பிச்சதுல இருந்து முட்டையே இல்ல. லைட்டு போடணுமா?

2024 நவம்பர் 30 இராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையும் பெருகி வந்தது. நான் கோழிகளை மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைத்திருந்தேன். ஒரு வாரம் நனைந்த தவிடும் பழைய சோறும்தான் அவற்றுக்கு. ஒன்றுகூட அதற்குப் பிறகு மூன்று வாரம் முட்டை விடவில்லை. பயம், இடமாற்றம், ஈரம், இரைக் குறைவு இவற்றில் ஒன்றே நிறுத்தப் போதும். நிற்பது ஒரு நாளில் நடந்துவிடும், திரும்பி வரத்தான் வாரக்கணக்காகும்.

வெளிச்சமும் ஒரு காரணம்தான். பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேர வெளிச்சம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் மார்கழிப் பகல் சுமார் 11½ மணி, ஆனியில் 12¾ மணி. வித்தியாசம் பெரிதில்லை, புறக்கடைக் கோழிக்கு விளக்கு அவசியமில்லை. ஆசையாக இருந்தால் விடியலுக்கு முன் இரண்டு மணி நேரம் ஒரு சின்ன பல்ப் போடலாம். ஆறு மாதம் ஆகாத கோழிக்குப் போடாதீர்கள், உடம்பு தேறுமுன் முட்டைக்கு வந்துவிடும்.

வெயில் காலத்தில் நடப்பது வேறு. கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதனால் குறைந்து, கிளிஞ்சல் தின்றாலும் ஓடு மெலியும். நிழலும் மண்பானைத் தண்ணீரும்தான் மருந்து.

15. முக்கி முக்கிப் பாக்குது, முட்டை வரல. வாலத் தொங்கப் போட்டுனு நிக்குது.

இதற்குக் காத்திருக்கக் கூடாது. முட்டை வழியில் சிக்கியிருக்கலாம். கை பொறுக்கும் சூட்டில் ஒரு தொட்டித் தண்ணீரில் அடிவயிறு மூழ்கும்படி இருபது நிமிடம் உட்கார வையுங்கள், துவாரத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் தனியாக விடுங்கள். அமுக்கித் தள்ளாதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி போய்விடும். சில மணி நேரத்தில் வராவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

முட்டையோடு சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருந்தால் முதல் வேலை மற்ற கோழிகளிடமிருந்து பிரிப்பது. சிவப்பைக் கண்டால் கொத்தும், ஒரு மணி நேரத்தில் குடலையே இழுத்துவிடும்.

16. வெள்ளக் கழிச்சலுக்கு ஊசி போட்டா முட்டை நின்னுடுமா? மருந்து குடுத்த முட்டைய திங்கலாமா?

எட்டாவது வாரத்தில் இறக்கையில் போட வேண்டிய ஊசி அது. முட்டைக்கு வருமுன் போட்டு முடித்துவிடுங்கள். விடும்போது போட்டால் சில நாள் குறையும், பிறகு சரியாகும். கழிச்சல் வந்த கோழி பிழைத்தாலும் கோணல் முட்டையும் தோல் முட்டையும் விடும், ஒப்பிட்டால் ஊசி லாபம். தடுப்பூசி போட்ட முட்டையைத் தின்னலாம். ஆன்டிபயாடிக், குடற்புழு மருந்து என்றால் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதை மருந்துக்கு மருந்து டாக்டரிடம் கேளுங்கள், அதுவரை வரும் முட்டை குப்பைக்குத்தான்.

17. கூரா இருக்கற முட்டைல சேவல்தான் பொரிக்குமாமே?

இல்லை. சேவலா பெட்டையா என்பது தாய்க்கோழியின் குரோமோசோமில் முடிவாகிறது, ஓட்டின் வடிவத்தில் இல்லை.

18. ஏம்மா, பெட்டக்கோழி கூவுது. வூட்டுக்கு ஆவாதுன்றாங்க, அறுத்துடவா?

கேட்டவர் வயதில் பெரியவர், அதனால் நிதானமாகச் சொன்னேன். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைக் கோழி சில சமயம் கூவும். இன்னொரு காரணமும் உண்டு. கோழிக்கு இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். நோயில் அது கெட்டுப்போனால் வலது பக்கம் அடங்கிக் கிடந்தது ஆண் சுரப்பி மாதிரி வளரத் தொடங்கும். கொண்டை பெருக்கும், கூவும், முட்டை நின்றுவிடும். அப்படியானதை அறுப்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். கூவிக்கொண்டே முட்டையும் விடுகிறது என்றால் உடம்பில் ஒன்றுமில்லை.

“பெட்டைக்கோழி கூவி பொழுது விடியுமா” என்று அவர் விடவில்லை. எங்கள் வீட்டில் சேவல் செத்த வருடம் ஒரு சாம்பல் பெட்டை இரண்டு மாதம் கூவியது. விடியற்காலை நாலரைக்கு மதில் மேல் ஏறிக் கூவிவிட்டு, ஒன்பது மணிக்குக் கூடைக்குள் போய் முட்டை விட்டுவிட்டு வரும்.